கடைசி இன்னிங்ஸ் ஆடியவள்

கொலம்பஸ், ஓஹையோ
17 ஜூன் 2024

என் ரமாவுக்கு,

பதினான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். முதல் வரியிலேயே திட்ட ஆரம்பிக்காதே, கொஞ்சம் படித்துவிட்டுத் திட்டு. உன் பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு பெரியவர் எடுத்து, நான் யார், எந்த ஊர் என்று என்னையே விசாரிக்கிறார். கடைசியில் நம் டீமில் ஆடிய சிவந்தியைப் பிடித்து உன் விலாசம் வாங்கினேன். அதே வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, அதே மூன்றாம் மாடி என்றாள். உன் அம்மா கெங்கம்மா எப்படி இருக்கிறார்கள்? அவர்கள் கை வஞ்சிரக் குழம்பு ஞாபகம் வந்தால் இங்கே எனக்குச் சாப்பாடே இறங்குவதில்லை.

நான், என் வீட்டுக்காரர் வெற்றி, மகள் மூவரும் சுகம். நேற்று மத்தியானம் பேஸ்பால் பார்க்கப் போனோம். இரண்டு வருஷமாக எனக்கு இந்தப் பைத்தியம் முற்றிவிட்டது. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். எட்டு முடிந்தபோது எங்கள் ஊர் அணி இரண்டு, எதிரணி எட்டு. பக்கத்து வரிசைகளெல்லாம் காலியாகிவிட்டன. வெற்றி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, 'கிளம்பு, பார்க்கிங்ல மாட்டிக்குவோம்' என்று என் பையை இழுக்கிறார். நான் நகரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருத்தன் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போனான், ஒருத்தன் தட்டினான், எதிரணிக்காரன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். பிறகு ஒரு பந்து வேலியைத் தாண்டிப் போனது. எட்டுக்கு எட்டு ஆனபோது, வெளியே போனவர்கள் திரும்பி ஓடி வருகிறார்கள் ரமா, ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு! கடைசியில் அணிக்குப் புதிதாக வந்த ஒருத்தன் முதல் பந்திலேயே முடித்துவிட்டான். நான் என்ன கத்தினேன் தெரியுமா? 'அப்டி போடு நைனா!' முன்வரிசை வெள்ளைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் மேனேஜரும் வந்திருந்தாள். 'இவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறதே, ஆடியிருக்கிறாயா?' என்று கேட்டாள். 'மாநிலப் போட்டியே ஜெயித்திருக்கிறேன்' என்று வாயில் வந்துவிட்டது. சர்டிபிகேட்டில் அப்படித்தானே இருக்கிறது!

நீ சிரிப்பாய். 2009இல் அந்த மூன்று நாளும் நான் திருவொற்றியூர் குப்பத்தில், உடம்பெல்லாம் அம்மையோடு வேப்பிலைமேல் கிடந்தேன். என் பெயரில் திண்டுக்கல்லுக்குப் போய் ஆடியவள் நீ. அந்தச் சர்டிபிகேட்டில்தான் எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. நான் எதையும் மறக்கவில்லை. நம் பி.டி. மாஸ்டர் எத்திராஜ் சார் தவறிவிட்டார் என்று சிவந்தி சொன்னாள், ரொம்ப வருத்தமாக இருந்தது.

நீ ஊர் திரும்பியதும் வந்து, நான் ஜன்னலுக்கு உள்ளே, நீ வெளியே நின்று, அந்தக் கடைசி இன்னிங்ஸை ஆடியே காட்டினாய். காய்ச்சலில் பாதி எனக்கு ஏறவில்லை. ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. சும்மாதான், படித்து ரசிக்க. ஈமெயில் விலாசம் கீழே இருக்கிறது. ஆனால் உன் கையெழுத்தில் வந்தால் இன்னும் சந்தோஷம்.

உன்னை ஒருநாளும் மறக்காத,
ஜெயஸ்ரீ


வியாசர்பாடி
20 ஜூலை 2024

ஜெயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்த எரிச்சலில், 'அமெரிக்கால உனுக்கு யார்மே கீறாங்க?' என்று கேட்டார். 'நான்தான் அங்க கீறேன், இங்க கீறது வேற ஆளு' என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

அம்மாவுக்குக் கண் போய்விட்டது, வாய் நன்றாக இருக்கிறது. நான் ராயபுரத்தில் இறால் கம்பெனியில் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் மூன்று மணிக்குத்தான் எடுப்பது. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் போட வேண்டும். மீன்காரர் வீட்டுப் பெண் நீ கம்ப்யூட்டர் தட்டுகிறாய், கடலில் கால் நனைக்கவே பயப்பட்ட நான் இறால் உரிக்கிறேன். யாருக்கு யார் பெயரில் எது எழுதியிருக்கிறதோ.

சரி, கேட்டாயே, எழுதுகிறேன். உனக்கென்று இல்லாவிட்டாலும் எனக்காக எழுதுவேன்.

மஞ்சள் காமாலையில் ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் எனக்கு வயசு வரம்பு இரண்டு மாதம் தாண்டிவிட்டது. என் பெயர் பட்டியலில் ஏறாது. உன் பெயர் ஏறியது, உன்னால் ரயில் ஏற முடியவில்லை. எத்திராஜ் சார் ஸ்டேஷனில் என்னை ஓரமாகக் கூட்டிப் போய், 'இன்னிலேர்ந்து மூணு நாளுக்கு நீதான் ஜெயஸ்ரீ. எவன் கூப்ட்டாலும் திரும்பிப் பாக்கணும், இன்னா?' என்றார். ஐடி கார்டில் ஒட்டியிருந்த உன் போட்டோ அவ்வளவு கறுப்பாக விழுந்திருந்தது, அதை யார் முகம் என்றும் சொல்லலாம்.

பைனல் கோயமுத்தூர் டீமோடு. எங்களுக்கு ஏழு இன்னிங்ஸ்தான். ஆறு முடிந்தபோது அவர்கள் ஆறு, நாம் இரண்டு. ஏழாவதில் நம் முதல் இரண்டு பேரும் வந்த வேகத்தில் அவுட். இன்னும் ஒரு அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது. அவர்களுடைய டீச்சர் போட்டோவுக்காகப் பெண்களின் பின்னலைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். அடுத்து சிவந்தி. பந்து அவள் முழங்கையில் பட்டது. மேலே பட்டால் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போனாள். அடுத்தவளுக்கு நாலு பந்தும் வெளியே, அவளும் நடந்தாள். அதற்கடுத்தவள் தட்டிய பந்தை அவர்கள் எடுத்து எங்கேயோ எறிந்தார்கள், இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பிறகு ஒரு நல்ல அடி, இன்னொருத்தி வந்தாள். ஐந்துக்கு ஆறு. இன்னும் ஒருத்தி நடந்தாள், இரண்டு பேஸில் ஆள். பின்னலெல்லாம் அப்படியே பாதியில் நின்றது.

மைக்கில் 'ஜெயஸ்ரீ' என்றார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கிறேன். சிவந்தி என் தலையில் ஒன்று போட்டாள். 'எந்திரிமே, உன்னத்தான் கூவிகினு கீறான்!'

இரண்டு பந்து விட்டேன். மூன்றாவது வரும்போது அதன் தையல் தெரிந்தது ஜெயா. சிவப்புத் தையல், ஒவ்வொன்றாக எண்ணலாம் போல. அடித்தேன். சரியாகப் பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது, வலிக்காது, பட்டதா என்றே சந்தேகமாக இருக்கும். இடது பக்கம் வாட்ச்மேன் சைக்கிள் நிற்கிற இடம்வரை பந்து போனது. இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஏழு, ஆறு. என்னைத் தூக்கிக்கொண்டு 'ஜெயஸ்ரீ, ஜெயஸ்ரீ' என்று கத்தினார்கள். எனக்கு விழுந்த ஒரே கைதட்டல் உன் பெயருக்கு விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம், நீயாகவே இருந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

இப்போது நான் கேட்கிற நேரம். திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் பெண்களுக்கு பேஸ்பால் டீம் ஆரம்பிக்கிறார்கள், கோச் தேடுகிறார்கள். கரஸ்பாண்டென்ட் ரஷீது சார் படிப்பைக் கேட்கவில்லை, மாநில அளவில் ஆடியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். 'அந்த ஜெயஸ்ரீயே ஆடினது நீதான்னு நாலு வரி எளுதிக் குடுத்தா போதும்மா, நான் வெச்சுக்கறேன்' என்றார். சிவந்தி சொன்னால் ஆகாதாம், சர்டிபிகேட்டில் பெயர் இருப்பவள்தான் சொல்ல வேண்டுமாம். உன் ஈமெயிலை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

என் விரல்கள் மடங்குவதில்லை ஜெயா. இன்னும் இரண்டு வருஷம் ஐஸில் வைத்தால் பிறகு எதற்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் என் ஜாக்கெட் ஊக்கை, கண் தெரியாத அம்மா தடவித் தடவி மாட்டிவிடுகிறாள். நவம்பருக்குள் ஆள் எடுத்துவிடுவார்கள். நாலே வரி.

அன்புடன்,
ரமாபாய்


கொலம்பஸ்
25 ஆகஸ்ட் 2024

அன்பு ரமாவுக்கு,

என்ன எழுத்துடி உனக்கு! வெற்றிக்கு வாசித்துக் காட்டினேன், அவரே வாயைப் பிளந்துவிட்டார். இறால் கம்பெனியில் வீணாகிப்போகிறாய்.

ஒரு சந்தோஷச் செய்தி. எங்கள் ஆபீஸில் பெண்களுக்காக ஒரு கூட்டம், 'நான் மீண்டு எழுந்த நாள்' என்று ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச வேண்டும். மேனேஜர் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கடைசி இன்னிங்ஸைச் சொன்னேன். பின்னலைச் சரிசெய்த டீச்சர் வந்ததும் அரங்கமே சிரித்தது. 'பந்தின் தையல் தெரிந்தது' என்கிற வரியை நீ எழுதினபடியே வைத்துக்கொண்டேன். 'சரியாகப் பட்டால் வலிக்காது' என்றதும் முந்நூறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். சிவந்திக்கும் வீடியோ அனுப்பியிருக்கிறேன்.

அம்மையை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டேன், தலைக்குத் தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் மைதானத்தில் இறங்கினவள் என்று. கேட்பவர்களுக்கு அதுதான் மனசில் நிற்கிறது. உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தோழி என்று உன்னையும் சேர்த்தேன்.

நீ கேட்ட கடிதம் பற்றி. எனக்கு இப்போதுதான் கிரீன் கார்டு நடந்துகொண்டிருக்கிறது. படிப்பு, சர்டிபிகேட் எல்லாம் குடியேற்ற அதிகாரிகள் கையில். இந்த நேரத்தில் 'ஆடியது நானில்லை' என்று என் கையால் எழுதித் தருவது எப்படி? நீயே யோசி. அதோடு, உச்சி வெயிலில் பள்ளிப் பிள்ளைகளோடு கத்துகிற வேலை இந்த வயசில் உனக்குத் தேவையா? வேறு எது வேண்டுமானாலும் கேள். ஒரு பார்சல் போட்டிருக்கிறேன், கம்பளிக் கையுறை நாலு ஜோடி. ஐஸில் வேலை செய்யும்போது உதவும்.

இதையெல்லாம் போனில் யாரிடமும் பேசாதே.

என்றும் உன்,
ஜெயஸ்ரீ


வியாசர்பாடி
21 செப்டம்பர் 2024

ஜெயா,

கையுறை வந்தது. கம்பளி ஐஸ் தண்ணீரில் நனைந்தால் என்ன ஆகும் என்று குப்பத்தில் பிறந்த உனக்குத் தெரியாதா? அம்மாவுக்குக் குளிருக்கு மாட்டிவிட்டேன்.

வீடியோவும் பார்த்தேன். சிவந்தி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். 'இன்னாமே இது, உன் கதைய அவ சொல்லிகினு கீறா? நீ கம்முனு பாத்துகினு கீற?' என்று என்னைத்தான் திட்டினாள். இங்கிலீஷ் பாதி புரிந்தது, உன் ஜாடை முழுசும் புரிந்தது. நன்றாகத்தான் பேசுகிறாய். ஆனால் மட்டையைப் பிடித்துக் காட்டுகிறாயே, இடது கை மேலே, வலது கை கீழே. வலது கைக்காரி யாரும் அப்படிப் பிடிக்கமாட்டாள். அங்கே இருந்தவர்கள் மரியாதைக்குச் சொல்லவில்லை போல.

நீ சீட் வாங்கினாய், வேலை வாங்கினாய், போனாய். கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, அதையும் கேட்கவில்லை. என்னைத் தண்ணீர் தூக்க வைத்தது மட்டும் நெஞ்சில் நிற்கிறது. எரிகிறது ஜெயா. பொய் சொல்வதென்றால் ஒரு நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, உன் கிரீன் கார்டு உனக்கு வேண்டும். உண்மையை எழுத வேண்டாம். 'நானும் ரமாபாயும் ஒரே அணியில் ஆடினோம்' என்று பொய்யாவது எழுது. உன் பெயர் உனக்கே இருக்கட்டும், பக்கத்தில் என் பெயருக்குக் கொஞ்சம் இடம் விடு. அதில் உனக்கு ஒன்றும் குறையாது. ரஷீது சாரிடம் அதையே வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சி வைத்திருக்கிறேன். அவர் உனக்கு ஈமெயில் போடுவார். அக்டோபர் பத்துக்குள் பதில் போட்டுவிடு.

நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வைத்துவிட்டாய்.

ரமாபாய்


கொலம்பஸ்
12 அக்டோபர் 2024

ரமாவுக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. எவ்வளவு கசப்பு உனக்கு! நான் உன்னை அப்படி நினைத்ததே இல்லை.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உன்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா? நீயே ஒத்துக்கொண்டுதானே ரயில் ஏறினாய்? என் பெயர் இல்லாவிட்டால் அந்த மைதானத்தின் கேட்டுக்கு உள்ளேகூட உன்னை விட்டிருக்க மாட்டார்கள். ஒரு வகையில் அந்த மூன்று நாளை உனக்குக் கொடுத்தவள் நான். அதை என்றாவது சொல்லிக் காட்டினேனா?

உங்கள் கரஸ்பாண்டென்ட் ஈமெயில் போட்டிருந்தார். பதில் போடாமல் இருந்தால் தப்பாக நினைப்பார் என்று போட்டுவிட்டேன். நீ வேறு யார் சொல்லியோ தெரிந்துகொள்ள வேண்டாம், அதனால் நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'மதிப்பிற்குரிய ஐயா, திருமதி ரமாபாய் என் பள்ளித் தோழி. 2009 மாநிலப் போட்டியில் என் அணியின் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் இல்லை. அவர் ஆடியதாக எனக்கு நினைவும் இல்லை. அணிக்குத் தண்ணீர் கொண்டுவருவது போன்ற உதவிகளை மனமுவந்து செய்தவர். கஷ்டப்படும் குடும்பம். தகுதிக்கேற்ற வேறு பணி இருந்தால் அவரைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கடைசி வரியைப் பார்த்தாயா? உனக்காகத்தான் சேர்த்தேன். பட்டியலில் நீ இல்லை என்பது பொய்யில்லையே. வக்கீலிடம் காட்டினேன், இதற்கு மேல் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்றார்.

கைப்பிடியைத் திருத்தியதற்கு நன்றி. போன வாரம் வேறு ஒரு கூட்டத்தில் பேசினேன், சரியாகவே காட்டினேன்.

கோபம் தணிந்ததும் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் நலம் நாடும்,
ஜெயஸ்ரீ


வியாசர்பாடி
9 நவம்பர் 2024

ஜெயஸ்ரீக்கு,

நீ எழுதியது ரஷீது சாருக்கு வந்து சேர்ந்தது. என்னை உட்காரவைத்து அவரே படித்துக் காட்டினார். 'கஷ்டப்படும் குடும்பம்' என்கிற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, 'காயிதம் கெடக்கட்டும்மா. கிரவுண்டுக்கு வா. மூணு பந்து அடிச்சிக் காட்டு, மீதிய நான் பாத்துக்கறேன்' என்றார். யாரென்றே தெரியாத மனிதர்.

போன சனிக்கிழமை போனேன். காலை ஷிப்டை முடித்துவிட்டு நேராகப் போனது என் தப்பு. லீவு போட்டிருக்க வேண்டும், தரமாட்டேன் என்றார்கள். ரயிலில் விரலை அக்குளில் வைத்துக்கொண்டே போனேன், சூடு ஏறவில்லை. டிரில் மாஸ்டர் பந்து போட்டார். இருபது பெண்கள் சுற்றி நின்றார்கள். முதல் பந்து என்னைத் தாண்டிப் போன பிறகுதான் மட்டை நகர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நன்றாகத் தெரிந்தது, மெதுவாகத்தான் வந்தது, பாவம் பார்த்துப் போட்டிருக்கிறார். ஓங்கியபோது மட்டை கையிலிருந்து வழுக்கி என் காலடியிலேயே விழுந்தது. பந்து அது பாட்டுக்குப் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். ஒரு பெண் ஓடி வந்து மட்டையை எடுத்து, 'பரவால்ல ஆன்ட்டி' என்று என் கையில் கொடுத்தாள். நாலாவது கேட்கலாமா என்று ரஷீது சாரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதெல்லாம் பொய் என்று அந்த நல்ல மனிதர் முடிவு செய்துவிட்டார். அவர்மேல் தப்பு இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். உன் நாலு வரி வந்திருந்தால் நான் மட்டையைத் தொடவே வேண்டியிருக்காது. வாயால் சொல்லிக்கொடுக்க எனக்கு விரல் தேவையில்லை.

திரும்பி வரும்போது கும்மிடிப்பூண்டி வண்டியில் கதவோரம் நின்றுகொண்டு, திண்டுக்கல்லில் அடித்த அந்தப் பந்தை நினைத்துப் பார்த்தேன். பதினைந்து வருஷமாக ஐஸில் கை வைத்து நிற்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்வேன், நினைத்ததும் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. நீ வீடியோவில் சொன்ன மாதிரிதான் வந்தது. உன் இங்கிலீஷில், உன் முகத்தோடு, முந்நூறு பேர் கைதட்ட. நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினேன், ஓரத்தில் நிற்கிறேன்.

சீட்டை எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை, அது நானே கொடுத்தது. இதை நான் கொடுக்கவில்லை. எழுதி அனுப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அது தெரிந்தே கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா என்று ஒரு வாரமாக யோசித்தேன். இரண்டும் ஒன்றுதான்.

உன் கிரீன் கார்டுக்கு என்னால் எந்தத் தொந்தரவும் வராது. இனிமேல் நானே போய்ச் சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இல்லை. தைரியமாகப் பேசு.

எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்காமல் தபால்காரரிடமே கொடுத்துவிடுவேன். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டு அம்மா, 'யாருக்குமே லெட்டரு?' என்கிறாள். தாளைத் திருப்பி எழுதுகிறேன். 'அந்த திருவத்தியூர் பொண்ணுக்கா?' என்று மறுபடியும் கேட்கிறாள். அந்தப் பெண் அம்மையிலேயே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

ரமாபாய்